பூஜையில் வைத்த சிலிண்டர்கள்

சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, விமான எஞ்சினை ஓடவிட்டு நிறுத்திய மெக்கானிக் வேதமாணிக்கம் அதிலிருந்து வடித்த எண்ணெயை இரண்டு விரல்களில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். "என்னமோ நெறநெறங்குதே சாமி" என்றார். பக்கத்தில் நின்ற நீலகண்டன் பிடித்திருந்த எண்ணெய்த் தகரத்தைச் சட்டென்று கீழே வைத்தார்.

சங்குமுகத்து விமான மைதானத்தில், பறக்கும் கிளப்பின் ஸ்டோருக்கு நீலகண்டன்தான் பொறுப்பு. ஒரு திருகாணி காணாமல் போனாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்காத மனிதர். வலியசாலை அக்ரகாரத்தில் பாதிப் பேர் அரசாங்க உத்தியோகம், மீதிப் பேர் கோயில் காரியம். ஆகாய விமானத்துக்கு ஆணி எடுத்துக் கொடுக்கிறவர் இவர் ஒருவர்தான். அது போதாதென்று இவருடைய ஒரே பிள்ளை சுந்தரராமன் அதே கிளப்பில் பறக்கக் கற்றுக்கொண்டு, வருகிற திங்கட்கிழமை தனியாகப் பறந்து காட்டி லைசென்ஸ் வாங்கப்போகிறான். சோதிக்கிற அதிகாரி அதற்கென்றே வருகிறார். இதை விட்டால் இன்னும் ஆறு மாதம்.

"நெறநெறன்னா என்ன?" என்று நீலகண்டன் கேட்டார்.

"மணலாத்தான் இருக்கும். கடப்புறம்லா, காத்துல வந்து ஏறும். எண்ணெய மாத்திட்டா போயிரும்." வேதமாணிக்கம் விரலை வேட்டித் துணியில் துடைத்தார். "சிலிண்டருக்குள்ள கீறல் விழுந்திருந்தாத்தான் பயப்படணும். புதுசுல கீறல் எங்கேருந்து வரும்?"

"விழுந்திருந்தா?"

"பிஸ்டன் ரிங்கு அரைஞ்சுபோவும். சூடு தாங்காம பிஸ்டன் அப்படியே கடிச்சுப் பிடிச்சுக்கிடும். அப்பறம் காத்தாடி சுத்தாது. எறங்க எடம் பாக்கணும்." மேற்கே முகத்தைத் திருப்பிக் காட்டினார். அங்கே கடல்தான் இருந்தது.

நீலகண்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கிளப் செக்ரட்டரி வெள்ளைக் கால்சட்டையும் சிகரெட்டுமாக வந்து, "எல்லாம் ரெடியா?" என்றார். வந்த சொல்லை நீலகண்டன் மென்று விழுங்கிவிட்டார். அந்த நெறநெறப்பு மணல் இல்லை என்பது அந்த மைதானத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

நடந்தது இதுதான். ஆவணி மாதத்தில் கிளப்பின் விமானத்தில் நாலு சிலிண்டர்களில் ஒன்று விரிசல் விட்டது; மற்ற மூன்றும் தேய்ந்திருந்தன. நாலையும் மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, சீமையிலிருந்து கப்பலில் புதுசு வரவழைப்பது. இன்னொன்று, ஸ்டோரிலேயே இருந்த பழைய நாலை மாட்டுவது. அவை போன வருஷம் விதுராவுக்கு அப்பால், போனக்காடு மலையில் மூடுபனிக்குள் மோதி விழுந்த கிளப்பின் முதல் விமானத்தினுடையவை. எஞ்சினில் மற்றதெல்லாம் போயிற்று. சிலிண்டர் நாலும் தப்பித்தன. அவற்றைப் பம்பாய்க்கு அனுப்பி, கடைந்து, அளந்து, சீட்டுக் கட்டி வாங்கி வைத்திருந்தார்கள். அந்த விமானத்தை ஓட்டிப் போய் உயிரை விட்டவன் யோசுவா. பறக்கக் கற்றுக்கொடுத்த வாத்தியார். சுந்தரராமனுக்கு முதல் ஆறு மாதப் பாடமும் அவனிடம்தான். வேதமாணிக்கத்தின் கூடப்பிறந்த தம்பி.

வேதமாணிக்கம் பழையதைத்தான் மாட்ட வேண்டும் என்றார். தம்பியினுடையது என்பதற்காக இல்லை. "நானூறு மணிக்கூர் சூட்டுல வெந்து, விரிசல் விடாம நின்ன இரும்பு சார் இது. இதோட குணம் எனக்குத் தெரியும். புதுசோட குணம் யாருக்குத் தெரியும்?" என்று செக்ரட்டரியிடம் வாதாடினார்.

நீலகண்டனுக்கு அது காதில் ஏறவில்லை. ஒருத்தர் சாப்பிட்ட இலையில் இன்னொருத்தருக்குப் பரிமாறுகிற காரியமாக அவருக்குத் தோன்றியது. அதிலும் சாப்பிட்டவன் இப்போது இல்லை. பம்பாயிலிருந்து அந்தப் பெட்டி வந்த அன்றே அதைக் கையால் தொடாமல் குச்சியால் தள்ளி அடித்தட்டில் போட்டு, வீட்டுக்குப் போய் ஸ்நானம் பண்ணினவர் அவர். பெட்டி மேல் 'உபயோகமற்றது' என்று ஒரு காகிதமும் ஒட்டியாகிவிட்டது. அதனால் வேதமாணிக்கம் பக்கத்தில் நிற்கிறாரே என்றுகூடப் பார்க்காமல், "செத்தவன் சாமானை மாட்டி என் பிள்ளையை மேலே அனுப்பச் சொல்றேளா?" என்று செக்ரட்டரியிடம் கேட்டுவிட்டார். வேதமாணிக்கம் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனார். செக்ரட்டரி புதுசுக்கு எழுதிப் போட்டார்.

புதுசு வந்து சேர்ந்தது, நவராத்திரியில் பூஜை வைப்பு அன்று காலையில். அதற்கு மேல் நல்ல சகுனம் ஏது? அன்று சாயங்காலம் கிளப்பின் ஆயுதங்களையெல்லாம் ஸ்டோரில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்குவது வழக்கம். விஜயதசமி காலை பூஜை எடுக்கிறவரைக்கும் யாரும் ஒன்றையும் தொடக்கூடாது. வேதமாணிக்கம் கிறிஸ்தவ வேதக்காரர், ஆனாலும் அந்த இரண்டு நாளும் ஸ்டோர்ப் பக்கமே வரமாட்டார், தன் ஸ்பானர்களையும் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் போவார். அன்றைக்குப் போகும்போது, "சாமி, சிலிண்டர பெட்டியோட வையுங்க, திறக்காண்டாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

நீலகண்டன் பெட்டியைத் திறந்தார். திறந்தால், உள்ளும் புறமும் கறுப்பாக ஒரு கொழுப்பு பூசிக்கிடந்தது. கலைமகளுக்கு முன்னால் இந்தக் கோலத்திலா? பிள்ளையின் உயிரைத் தாங்கப்போகிற சாமான்! மண்ணெண்ணெயும் பழைய வேட்டியும் கொண்டு, ஒரு பொட்டு கறுப்பு இல்லாமல் நாலையும் வழித்தெடுத்தார். சந்தனம் இட்டார். தர்ப்பையால் தீர்த்தம் தெளித்தார், உள்ளேயும் மூன்று தரம். துருவைத் தடுக்கப் பூசியிருந்த கொழுப்புப் போய்விட, கடற்கரைக் காற்று இரண்டு ராத்திரி அந்த வெறும் இரும்பை நக்கியது.

விஜயதசமி காலையில் பார்த்தால் நாலின் உட்புறமும் காவி பிடித்திருந்தது. அவர் பதறவில்லை. பதறியிருந்தால் தேவலை. வீட்டில் வெண்கலப் பானைக்கு மனைவி பாகீரதி என்ன செய்வாள் என்பது அவருக்குத் தெரியும். புளியும் சாம்பலும் வைத்து, உள்ளே கைவிட்டு, கண்ணாடி மாதிரி மின்னுகிற வரைக்கும் தேய்த்தார். துடைத்தார். ஸ்டோரில் இருந்த கிரீஸை மறுபடி பூசி, பெட்டியில் வைத்து மூடினார். வேதமாணிக்கம் வந்து கேட்டபோது, "அப்படியே இருக்கு" என்றார். சின்னப் பொய். அதைச் சொன்ன நிமிஷத்திலேயே மறந்தும் போனார். சனிக்கிழமை வேதமாணிக்கத்தின் விரல் நடுவில் அது திரும்பி வந்து நெறநெறத்தது.

அன்று வீட்டுக்கு வந்தவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுந்தரராமன் கண்ணாடி முன் நின்று தோல் தொப்பியை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் அவனைச் சுசீந்திரத்துக்குக் கூட்டிப்போய் ஒரு வேண்டுதலை முடித்துவிட்டு வரப் பாகீரதி ஏற்பாடு செய்திருந்தாள். "நீங்களும் வரேளா?" என்றாள். இவர் தலையாட்டினார், அது ஆமா இல்லையா என்று அவளுக்கே விளங்கவில்லை.

சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? புதுசுதான் வேண்டும் என்று ஊரைக் கூட்டினவரே புதுசைக் கெடுத்தார் என்று செக்ரட்டரி சிரிப்பார். வேலை போகும். போகட்டும். ஆனால் வேதமாணிக்கத்தின் முகத்தை எப்படிப் பார்ப்பது? கிளப்பில் ஒரு சட்டம் உண்டு: எஞ்சினைப் பிரித்து மாட்டிக் கையெழுத்துப் போட்டவர் முதல் பறத்தலில் முன் சீட்டில் உட்கார வேண்டும். ஆக, திங்கட்கிழமை அந்த எஞ்சினுக்குப் பின்னால் உட்காரப்போவது அவர் பிள்ளை மட்டும் இல்லை. ஒரு தம்பியை மலையில் பறிகொடுத்த மனிதரைக் கடலுக்கு அனுப்புகிறோம் என்ற நினைப்பில் நீலகண்டன் ராத்திரி முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிறு காலையில் பஸ் ஏறப் போன தாயையும் பிள்ளையையும் அனுப்பிவிட்டு, அவர் நடந்தார். பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு சிதறுதேங்காய் போடாமல் அவர் அந்த முக்கைத் தாண்டினதே கிடையாது. அன்றைக்குத் தாண்டினார். பிள்ளையாரிடம் சொல்லிவிடலாம், அவர் யாரிடமும் போய்ச் சொல்லமாட்டார், அதுதான் வசதி. ஆனால் பிள்ளையாருக்கு எஞ்சினைப் பிரிக்கத் தெரியாதே.

பாளையத்துப் பக்கம் தமிழ்ச் சபைக்காரர்களின் வேதக்கோயிலில் ஞாயிறு ஆராதனை நடந்துகொண்டிருந்தது. நீலகண்டன் வாசல் மரத்தடியில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். பஞ்சகச்சமும் குடுமியுமாக ஒருவர் அங்கே நிற்பதைப் பார்த்துப் போகிறவர்கள் வருகிறவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே பாட்டு முடிந்து பிரசங்கம் ஆரம்பித்தது. அது முடிகிற வழியாக இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வேதமாணிக்கத்தின் கண்ணில் இவர் பட்டுவிட்டார். அவர் மெல்ல எழுந்து வெளியே வந்தார்.

"என்ன சாமி, பிள்ளைக்கு என்னவும் ஆச்சா?"

"ஓய், அது மணல் இல்லை."

"எது?"

"எண்ணெயில நெறநெறத்தது. அது சாம்பல். நான் தேய்ச்சது." மீதியையும் சொன்னார். மண்ணெண்ணெய், தீர்த்தம், காவி, ஒன்றையும் விடவில்லை.

"புளியுமா?" என்றார் வேதமாணிக்கம்.

"புளியும்."

"பெட்டியோட வைக்கச் சொன்னேம்லா."

"சொன்னேள்."

"நேத்து எண்ணெய தேய்ச்சுப் பாக்கும்பமாவது பறஞ்சிருக்கலாம்லா சாமி."

"வாய் வரலை. எனக்கு வெக்கமா இருந்தது. உங்ககிட்ட எந்த முகத்தோட சொல்றது?" நீலகண்டனுடைய கண் நிறைந்துவிட்டது. "சோதனை வேண்டாம். ஆறு மாசம் இல்லை, ஆறு வருஷம் ஆனாலும் ஆகட்டும். செக்ரட்டரிகிட்டே நானே போய்ச் சொல்லிடறேன். நீங்க மட்டும் அந்த எஞ்சினுக்குப் பின்னாலே ஏறாதேங்கோ."

வேதமாணிக்கம் கோயிலுக்குள் பார்த்தார். பன்னிரண்டு வருஷமாக அவர் ஞாயிற்றுக்கிழமை ஸ்பானரைத் தொட்டதில்லை. ஒருமுறை திவானின் விருந்தாளிக்காக என்று சொல்லி அனுப்பியும் வரமாட்டேன் என்றவர். அது கிளப்பில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

"பூசை ரெண்டு நாளும் நீங்க தொடப்படாதுன்னிய. நானும் தொடல்ல. தொட்டிருந்தா அன்னைக்கே கண்டிருப்பேன்" என்றார் மெதுவாக. பிறகு உள்ளே போய், பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி எலிசாளிடம் குனிந்து ஏதோ சொன்னார். அந்த அம்மாள் திரும்பி ஜன்னல் வழியாக நீலகண்டனை ஒரு பார்வை பார்த்தாள். வேதமாணிக்கம் தொப்பியோடு வெளியே வந்தார். "வாங்க. ஒரு நாள் வேல இருக்கு."

மைதானத்தில் காவல்காரனைத் தவிர யாரும் இல்லை. முதல் சிலிண்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்ததும் வேதமாணிக்கம் அதை நீலகண்டனிடம் நீட்டினார். "நகத்தால சுரண்டிப் பாருங்க."

நீலகண்டன் நகத்தை வைத்து இழுத்தார். மின்னுகிற சுவரில் நகம் தட்டியது, தட்டியது, தட்டியது. பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளிக் குழிகள், அம்மைத் தழும்பு போல. பிஸ்டனின் ஒரு பக்கம் ஏற்கெனவே அரைந்து வெளுத்திருந்தது.

"தரையில அரை மணிக்கூர் ஓடினதுக்கே இது. மேல போயிருந்தா..." வேதமாணிக்கம் சிலிண்டரைத் திருப்பி வாங்கினார். "எம்பேர்லயும் தப்பு இருக்கு சாமி. புதுசுன்ன உடனே சிலிண்டர் வாய்ப்பக்கம் மட்டும் அளந்துட்டு மாட்டிட்டேன். யோசுவாக்க சிலிண்டர்னா ஒவ்வொண்ணையும் ஆறு எடத்துல அளந்திருப்பேன்" என்றார்.

நாலும் அப்படித்தான் இருந்தன. இனி வேறு வழி கிடையாது. "கொண்டு வாங்க" என்றார் வேதமாணிக்கம். எதை என்று சொல்லவில்லை.

நீலகண்டன் ஸ்டோருக்குள் போய் அடித்தட்டின் முன் உட்கார்ந்தார். தன் கையெழுத்தில் 'உபயோகமற்றது' என்றிருந்த காகிதத்தை உரித்தார். குச்சியைத் தேடவில்லை. பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, பிள்ளையைத் தூக்குகிறதுபோலத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். மனசுக்குள் பயம் போகவில்லை. நாளை இதே இரும்பு தன் பிள்ளையையும் அந்த மலைக்கே கூட்டிக்கொண்டு போனால்? இதற்கெல்லாம் அர்த்தம் இல்லை என்று தெரிந்தும் அந்த நினைப்பு விடமாட்டேன் என்றது.

வேதமாணிக்கம் ஒவ்வொன்றையும் மேலே, நடுவே, கீழே என்று குறுக்கிலும் நெடுக்கிலும் ஆறு தரம் அளந்தார். நாலு சிலிண்டருக்கும் இருபத்துநாலு தரம். நீலகண்டன் ஒவ்வொரு தரமும் மூச்சைப் பிடித்தார். "கொள்ளாம், நல்லாருக்கு. ஒரு நூல் மாறல்ல" என்று வந்ததும்தான் விட்டார். பிஸ்டன்களையும் ரிங்குகளையும் புதிதாக எடுத்தார்கள். உள்ளே மிச்சம் இருக்கும் சாம்பல் ஒரு துளியும் தங்காமல் எஞ்சினின் அடிவயிற்றைப் பெட்ரோலால் நாலு முறை கழுவினார்கள்.

மாட்டுகிறதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் சிலிண்டரை ஆடாமல் தாங்கிப் பிடிக்க, மற்றவர் ரிங்குகளை விரலால் அமுக்கிக்கொண்டே பிஸ்டனை உள்ளே வாங்கவேண்டும். கொஞ்சம் ஆடினால் ரிங் ஒடியும். நீலகண்டன் மேல்துண்டைக் கழற்றி வைத்துவிட்டு, சிலிண்டரை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். எண்ணெய் பூணூலை நனைத்து வயிற்றில் வழிந்தது.

மூன்றாவது சிலிண்டரில், காற்றுப் பட்டுச் சூடு ஆறுவதற்காக இருக்கும் இரும்புச் சிறகுகளில் ஒன்று முனை ஒடிந்திருந்தது. நீலகண்டன் குனிந்து பார்த்தார். "இதென்ன, விழுந்தபோது ஒடிஞ்சதா?"

"இல்ல. அதுக்கு மூணு மாசம் முந்தியே. யோசுவா ஸ்பானரத் தவறவிட்டு ஒடிச்சான். என்கிட்ட மறைச்சான்." வேதமாணிக்கம் ரிங்கை அமுக்கியபடியே பேசினார். "அதால ஒண்ணும் கெடுதி இல்லன்னு பாத்துக்கிட்டேன். கேட்டா சங்கடப்படுவான்னு, தெரியாத மாதிரி இருந்துட்டேன். அப்பிடியே போயிட்டான்."

நீலகண்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டே நின்றார். "அன்னிக்குச் செத்தவன் சாமான்னு சொன்னேன். நீங்க பக்கத்துலே நின்னேள். என் நாக்கு அழுகிப்போகணும்."

"மதி சாமி, போதும். ஆடாமப் பிடிங்க."

வெயில் சாய்ந்தபோது எஞ்சின் மறுபடி ஓடியது. எண்ணெயை வடித்து வேதமாணிக்கம் விரலில் தேய்த்தார். பிறகு நீலகண்டனின் விரலிலும் வைத்தார். வழுவழுவென்று இருந்தது. எஞ்சின் புத்தகத்தில் வேதமாணிக்கம் மாட்டியதை எழுதிக் கையெழுத்துப் போட்டார். கழற்றியதற்குக் காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டு, புத்தகத்தை நகர்த்தினார். நீலகண்டன் தன் கையாலேயே நடந்ததை எழுதினார், புளி உட்பட.

"சுந்தரத்துக்கிட்ட சொல்லணுமா?" என்று நீலகண்டன் கேட்டார்.

"பறக்கறவன் எஞ்சினக் கேக்கணும். எங்க தம்பிய நினைச்சுட்டு இருக்கப்படாது. எறங்கினப்பறம் பறஞ்சாப் போதும். நீங்கதான் பறையணும்."

திங்கட்கிழமை விடிந்ததும் முதல் பறத்தல். ஓட்டுவதற்கு யோசுவாவுக்குப் பின் வந்த வாத்தியார் பின் சீட்டில் உட்கார, வேதமாணிக்கம் முன் சீட்டில் ஏறிப் பட்டையைக் கட்டிக்கொண்டார். நீலகண்டன் இறக்கை ஓரம் போய், "நான் ஏறிக்கட்டுமா? நானும் கையெழுத்துப் போட்டிருக்கேனே" என்றார். வேதமாணிக்கம் சிரித்தார். "சாமி, நீங்க சாமான் அறைய நோக்குங்க" என்றார். கால் மணி நேரம் சுற்றிவிட்டு இறங்கி வந்து, சரி என்று தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்தது சுந்தரராமன் தனியாக. சோதனையில் ஒரு பகுதி உண்டு: இரண்டாயிரம் அடி உயரத்தில் எஞ்சினை அடக்கிவிட்டு, சறுக்கிக்கொண்டே வந்து, சுண்ணாம்பால் போட்ட வட்டத்துக்குப் பக்கத்தில் இறங்கவேண்டும். அது நீலகண்டனுக்குத் தெரியும். பத்து தரம் அவன் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஆனாலும் கடலுக்கு மேலே அந்தச் சத்தம் சட்டென்று அடங்கியபோது அவருக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோயிற்று. அலைச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ கையைப் பிடித்துக்கொண்டதுபோல இருந்தது. பார்த்தால், வேதமாணிக்கத்தின் கையை இவர்தான் பிடித்திருந்தார். அவர் விடுவித்துக்கொள்ளவில்லை. விமானம் தென்னைகளுக்கு மேலாகச் சத்தமில்லாமல் சரிந்து வந்து, வட்டத்துக்குப் பத்தடி தள்ளி மணலில் சக்கரத்தை வைத்தது.

அதிகாரி காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டு செக்ரட்டரியோடு நடந்தார். சுந்தரராமன் குதித்து இறங்கி ஓடிவந்தான். முகமெல்லாம் எண்ணெயும் சிரிப்பும்.

"அப்பா, என்ன எஞ்சின்! ஒரு சிணுக்கம் இல்லை. புதுசுன்னா புதுசுதான். நல்லவேளை, செத்தவன் சாமானை மாட்டவிடாம நீங்க தடுத்தேள்!"

நீலகண்டன் வேதமாணிக்கத்தைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. வேதமாணிக்கம் எஞ்சின் மேல் மூடியைத் திறந்து குனிந்துகொண்டிருந்தார்.

"இங்கே வாடா" என்று நீலகண்டன் பிள்ளையின் கையைப் பிடித்து எஞ்சினுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போனார். "மூணாவது சிலிண்டரைப் பாரு. அந்தச் சிறகைப் பாரு."

சுந்தரராமன் பார்த்தான். ஒடிந்திருந்த முனையைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றது. நீலகண்டன் வாயைத் திறப்பதற்குள் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அவன் வேதமாணிக்கத்தின் பக்கம் திரும்பினான். "சாரே, யோசுவா சார் இதை ஒடிச்ச அன்னிக்கு நான் பக்கத்துலே இருந்தேன். அண்ணன்கிட்டே பறையாதேடான்னு என் கையைப் பிடிச்சுக் கேட்டுண்டார்." தோல் தொப்பியைக் கழற்றினான். "நான் இன்னிவரைக்கும் சொல்லலை."

"எனக்கு அன்னைக்கே தெரியும் மக்கா" என்றார் வேதமாணிக்கம். நிமிராமலே கையை நீட்டி, நீலகண்டனிடம் துணியைக் கேட்டார். நீலகண்டன் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டையே எடுத்துக் கொடுத்தார்.